பேஹாலாவில் ஒரு புஷ்பக்

பேத்தி கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் அந்த வாடை வீடு முழுக்கப் பரவியது. என் மருமகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இன்னும் ஒரு முறை நன்றாக இழுத்து மோந்தேன். "என்ன தாத்தா, உங்களுக்கும் போட்டு விடட்டுமா?" என்றாள் குழந்தை. அவளிடம் எப்படிச் சொல்வது? அது கல்கத்தாவில் நான் பறக்கக் கற்ற பேஹாலா ஹாங்கரின் வாடை. ஒரு காலத்தில் என் சட்டை, தலைமுடி, டிபன் டப்பா எல்லாவற்றிலும் அதுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா என் சட்டையைத் தனியாகத்தான் துவைக்கப் போடுவாள்.

துணி போர்த்திய விமானங்களுக்கு 'டோப்' என்று ஒன்று பூசுவார்கள். செல்லுலோஸைக் கரைத்துச் செய்த திரவம். பூசிக் காயக் காயத் துணி இறுகும். விரலால் தட்டினால் டம் என்று கேட்கும். நகச்சாயமும் ஏறக்குறைய அதே சரக்குதான், நிறமும் மினுமினுப்பும் சேர்த்துச் சின்னச் சீசாவில் அடைத்துக் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள். எங்கள் ஹாங்கரில் அது பெரிய டின்னில் இருக்கும். பெரிய மிஸ்திரி பிரஷ்ஷைத் தோய்த்து, கிழிசலுக்கு ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரே திசையில் இழுப்பார். ஒரு பூச்சு காய்வதற்குள் ஒரு பீடி, ஒரு மண் குவளைச் சாயா, கொஞ்சம் கால்பந்து அரசியல். மோகன் பகான் தோற்ற மறுநாள் பூச்சு சற்றுத் தடிமனாகவே விழும்.

அப்படி ஒட்டுப் போட்டுக்கொண்டு வாழ்ந்த விமானத்தின் பெயர் புஷ்பக். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனி செய்தது. 1958 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. நாட்டிலுள்ள பறக்கும் கிளப்புகளுக்கென்றே ஏறக்குறைய 160 விமானங்கள் செய்தார்கள். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த கூடு, அதன்மேல் துணி, தலைக்கு மேலே இறக்கை, பக்கத்தில் பக்கமாக இரண்டு இருக்கை, மூக்கில் 90 குதிரைத் திறன் காண்டினென்டல் இன்ஜின். மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொட்டால் பெரிய விஷயம். எதிர்க்காற்று பலமாக இருந்தால் கீழே டயமண்ட் ஹார்பர் சாலையில் போகும் அம்பாஸடர் நம்மை முந்திக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே பறக்கலாம். முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கு அடியில் குட்டியாக ஒரு சக்கரம். நின்றால் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்ப் பையன் விமானத்துக்கு எப்படிப் போனான் என்று இன்றும் கேட்கிறார்கள். அப்பா டல்ஹௌசி ஸ்கொயரில் ஒரு வியாபார கம்பெனியில் ஸ்டெனோ. அந்தத் தலைமுறையில் தஞ்சாவூர், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பிட்மன் சுருக்கெழுத்தும் டைப்பும் கற்றுக்கொண்டு கல்கத்தாவுக்கு ரயிலேறியவர்கள் ஏராளம். வெள்ளைக்காரத் துரை போய் மார்வாடி முதலாளி வந்த பிறகும் கடிதத்தைச் சொல்பவர் மாறினாரே தவிர எழுதுபவர் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோமள விலாஸில் ஒரு காபி, மார்க்கெட்டில் முருங்கைக்காய், வாழையிலை, கருவேப்பிலை, சாயங்காலம் சபாவில் கச்சேரி இருந்தால் கச்சேரி. எங்கள் கல்கத்தா அவ்வளவுதான். அதைத் தாண்டி ஒரு வங்காளம் இருக்கிறது என்பது எனக்கு அதிகம் தெரியாது.

ஊரிலிருந்து பாட்டி போடும் கடிதம் விமானத்தில் வரும் என்று அப்பா சொல்வார். 1949-ல் தொடங்கிய இரவுத் தபால் ஏற்பாடு அது: கல்கத்தா, மதராஸ், பம்பாய், டெல்லி நான்கிலிருந்தும் விமானங்கள் ராத்திரி கிளம்பி நாகபுரியில் சந்திக்கும், நடுநிசியில் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பும். முதலில் அந்த வேலையைச் செய்தவை டகோட்டாக்கள். ஒரு தடவை யாரையோ வழியனுப்ப தம்தம் விமான நிலையத்துக்குப் போனபோது ஒரு டகோட்டாவைக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அதுவும் வால் தரையில், மூக்கு வானத்தில். பாட்டியின் கோணல் எழுத்து இதன் வயிற்றில்தான் வருகிறது என்று நினைத்தபோது ஏற்பட்ட கிறுகிறுப்பு அப்புறம் இறங்கவே இல்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலைநாட்டுக்கும் சாமான் ஏற்றிப் போகும் டகோட்டாக்கள் அப்போது தம்தம்மில் நிறைய. இதே ஊர்க்காரரான தூர்பா பானர்ஜி டகோட்டா ஓட்டி, 1966-ல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தபோது, அவர் பெயரை அம்மாகூட மரியாதையாகச் சொன்னாள். "ஒரு பொம்மனாட்டி ஓட்டறா, நீ என்னடா?" என்று ஒரு நாள் அவள் வாயிலிருந்தே வந்தது. பின்னால் அதற்காக அவள் வருத்தப்பட்டாள்.

பேஹாலாவில் பறக்கக் கற்கச் சேர்ந்தேன். அரசாங்க மானியம் இருந்ததால்தான் எங்களைப் போன்றவர்கள் பறக்க முடிந்தது. மணிக்கணக்கில் கட்டணம், அதில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்ளும். மீதியை நான் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் கணக்கு எழுதிச் சம்பாதித்தேன். மாதக் கடைசியில் பறப்பது குறையும். முதல் வாரத்தில் கூடும்.

விடிகாலையில் சைக்கிள். ராஷ்பிஹாரி அவென்யூவில் முதல் டிராம் மணியடித்துக்கொண்டு வரும் நேரம். சேத்லா பாலத்தில் ஆதி கங்கையின் நாற்றத்தை மூச்சடக்கிக் கடந்து, நியூ அலிப்பூர், தாராதலா வழியாக பேஹாலா. சுவரெல்லாம் சிவப்பில், கருப்பில் கோஷங்கள் எழுதியிருந்த காலம் அது. இருட்டில் சந்துக்குள் நுழைய மற்றவர்கள் பயப்படுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் என் எதிரே வந்ததெல்லாம் பால்காரனும் மீன்கூடைக்காரியும்தான். பர்ணஸ்ரீ பக்கம் திரும்பினால் திடீரென்று வீடுகள் நின்றுபோய்ப் புல்வெளி திறக்கும். பனி கணுக்கால் உயரத்துக்குப் படுத்திருக்கும். ஓடுதளத்தில் யாராவது பல் துலக்கிக்கொண்டு நடப்பார். ஒரு மாடு சம்மதம் கேட்காமல் குறுக்கே போகும்.

புஷ்பக்குக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. கையால்தான் சுற்ற வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்திருக்கிறதா என்று பெரிய மிஸ்திரி காலால் தட்டிப் பார்ப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜேபியில் போடுவார். கழுத்துத் தாயத்தைச் சட்டைக்குள் தள்ளுவார். "சுவிட்ச் ஆஃப்!" என்பார், உள்ளிருந்து நான் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். விசிறியை நாலைந்து முறை மெதுவாகச் சுற்றி இன்ஜினுக்கு எண்ணெய் குடிக்கக் கொடுப்பார். பிறகு இரண்டடி தள்ளி நின்று, ஈரப் புல்லில் செருப்பைத் தேய்த்துக் கால் வழுக்காது என்று பார்த்துக்கொண்டு, "காண்டாக்ட்!" நானும் "காண்டாக்ட்!" விரல்களை விசிறியின் விளிம்பில் மடக்காமல் வெறுமனே சாய்த்து வைப்பார். ஒரே இழுப்பு, இழுத்த வேகத்திலேயே உடம்பு பின்னால் போய்விடும். நல்ல நாளில் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் பிடிக்காது. அப்போது அவர் விமானத்தின் தாயாரைப் பற்றி வங்காளத்தில் சில வார்த்தைகள் சொல்வார்.

கிளம்பிய பிறகுதான் வேடிக்கை. மூக்கு மறைப்பதால் முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இடமும் வலமும் வளைந்து வளைந்து, ஒவ்வொரு பக்க ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடுதளம் வரை போக வேண்டும். வாலில் சக்கரம் வைத்த விமானத்தின் எடை முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. சைக்கிளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள், நேராகப் போகிறதா என்று. கொஞ்சம் திரும்ப ஆரம்பித்தால் அதுவே மேலும் திரும்பும். விட்டால் பின்பாகம் முன்பாகத்தைத் துரத்திக்கொண்டு வந்து விமானம் தரையிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். இறக்கை நுனி புல்லை உழும். மூக்குச் சக்கரம் வைத்த விமானங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவற்றின் எடை பின்சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் தாமாகவே நேராகிக்கொள்ளும். போதாததற்கு, வேகத்தைக் கூட்டினால் விசிறி சுற்றும் திசையாலும் அது வீசும் காற்றாலும் புஷ்பக்கின் மூக்கு இடப்பக்கம் போகப் பார்க்கும். வால் தூக்கும் நேரத்தில் இன்னொரு வெட்டு. இதையெல்லாம் கால் மிதியால் அடக்க வேண்டும். அதுவும் மிதித்து வைத்திருப்பது அல்ல. சின்னச் சின்னதாக, ஓயாமல், இடது வலது இடது.

என் பயிற்றுநர் ராணுவத்திலிருந்து வந்தவர். டைகர் மாத் ஓட்டிக் கற்றவர். ஒல்லி, முழங்கைச் சட்டை, வெற்றிலைக் காவி ஏறிய பல். எனக்குப் பெயர் இருக்கிறது என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. "கி ஹே, மாத்ராஜி!" என்றுதான் கூப்பிடுவார். ஓடுதளத்தில் வேகம் பிடிக்கும்போது காதுக்குப் பக்கத்தில், "பா! பா! பா!" என்று கத்துவார். வங்காளத்தில் கால். நான் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் போதெல்லாம் அவர் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு நாள் இறங்கியதும் என் காலணியைக் காட்டினார். ஆபீஸுக்குப் போட்டுக்கொள்ளும் கனத்த தோல் ஷூ. "இதைப் போட்டுக்கொண்டு மிருதங்கம் வாசிப்பாயா?" என்றார். மிருதங்கத்தைக் காலால் வாசிப்பதில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று சாயங்காலமே மெல்லிய அடி வைத்த கான்வாஸ் ஷூ வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு மிதியில் கால் வைத்தபோது வால் சக்கரம் தரையில் உருள்வதே பாதத்தில் தெரிந்தது. அந்த ஷூ செய்த ஆலையே மேலேறியதும் கண்ணில் படும்: ஹூக்ளிக் கரையில் 1930-களில் எழுந்த பாட்டாநகர். புகைபோக்கிகளை வைத்துத்தான் நான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்வேன்.

இறக்குவதைப் பற்றி ஸார் சொன்னதைப் பின்னால் எனக்கு வேறு யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. "நீ இறக்காதே. இறங்கவிடாமல் பார்த்துக்கொள். அது தாங்க முடியாமல் தானே இறங்கும்." தரைக்கு ஓரடி மேலே வந்து, வேகத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, கன்ட்ரோலைப் பின்னுக்கு, இன்னும் பின்னுக்கு. மூக்கு மெல்ல எழும். ஓடுதளம் மறையும். பக்க ஜன்னலில் புல் நுனிகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். இன்ஜின் சத்தம் அடங்கி இறக்கைக் கம்பியில் காற்று உரசும் சத்தம் மட்டும் இருக்கும். பிறகு அதுவும் தணியும். அந்த நேரத்தில் இறக்கை தன் பலத்தை விட்டால் மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும். சரியாக அமைந்த நாளில் தொட்டதே தெரியாது. புல்லில் சக்கரம் சரசரப்பதுதான் தெரியும். அமையாத நாளில் ஒரு தூக்கு, இன்னொரு தூக்கு, ஸார் வாயில் வெற்றிலை புரையேறும். தொட்ட பிறகும் வேலை முடியாது. நின்று, கட்டை வைத்து, இன்ஜினை அணைக்கும் வரை "பா! பா!" தான்.

முதன்முதலாகத் தனியே பறந்துவிட்டு வந்த அன்று மிஸ்திரிகளுக்கு இனிப்புக் கொடுப்பது வழக்கம். எல்லோரும் மண் பானை நிறைய ரசகுல்லா கொண்டுவருவார்கள். என்னிடம் "மாத்ராஜி மிஷ்டி" வேண்டும் என்றார்கள். அம்மா மைசூர்பாகு கிளறிக் கொடுத்தாள். பெரிய மிஸ்திரி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை போட இது ஆகும் என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் டப்பா காலியாகத்தான் வீட்டுக்குத் திரும்பியது.

வேகமில்லாத விமானத்தின் சுகம் கற்று முடித்த பிறகுதான் தெரிந்தது. ஆயிரம் அடிக்கு மேல் அதிகம் போக மாட்டோம். ஜன்னலைத் தள்ளிவிட்டால் கீழே இருப்பதன் வாசனை மேலே வரும். பஜ்பஜ் பக்கம் சணல் ஆலைகளின் எண்ணெய்ச் சணல் வாடை, உலுபேரியாவை ஒட்டிச் செங்கல் சூளைகளின் புகை, மார்கழி மாதத்தில் பேரீச்சஞ்சாறு காய்ச்சி வெல்லம் எடுக்கும் கிராமங்களின் தித்திப்பு. குளத்தில் துணி துவைப்பவள் நிமிர்ந்து கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்ப்பது தெரியும். பையன்கள் வரப்பில் நம்மோடு ஓடி வருவார்கள், கொஞ்ச தூரத்துக்கு ஜெயித்துக்கொண்டும் வருவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குளம். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு வாழைத்தோப்பு. கிழக்கே மீன் வளர்க்கும் பேரிகள் வெயில் பட்டு வரிசையாக மின்னும். ஃபால்தாவில் தாமோதர் வந்து ஹூக்ளியில் சேருமிடத்தில் தண்ணீர் சற்று தூரம் இரண்டு நிறமாகவே ஓடும். இன்னும் தெற்கே போனால் ரூப்நாராயண் வந்து சேர்ந்து ஆறு கடல் மாதிரி அகலமாகிவிடும். நகரத்துக்கு மேலே பறக்க அனுமதி இல்லை. ஆனால் வடக்கே திரும்பும்போது குளிர்காலக் காலைகளில் விக்டோரியா நினைவு மண்டபத்தின் குவிமாடமும், தள்ளி ஹௌரா பாலமும் பனிக்கு மேலே நிற்கும். பருந்துகள் எந்த இடத்தில் சிறகசைக்காமல் சுற்றுகின்றனவோ அங்கே போனால் நமக்கும் சும்மா நூறு அடி கிடைக்கும். அவை புஷ்பக்கை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

பத்து வருஷமாகக் கல்கத்தாவில் இருந்தும் எனக்குத் தெரியாத வங்காளம் அது. லேக் மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இவ்வளவு தண்ணீரும் இவ்வளவு பச்சையும் இருப்பதை நான் மெதுவாகப் போனதால்தான் பார்த்தேன். ஜெட்டில் போகிறவனுக்கு இந்த வட்டாரம் முழுவதும் ஒரு தேநீர் கொட்டாமல் குடித்து முடிக்கும் நேரம்.

ரேடியோ இல்லை. கீழே இருப்பவர்கள் விளக்கைக் காட்டுவார்கள். அணையாத பச்சை என்றால் இறங்கு. அணையாத சிவப்பு என்றால் இன்னொருவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் இறங்காதே. ஓடுதளத்தில் மாடு நின்றால் அந்த மின்னும் சிவப்பு. எனவே பறப்பவன் கண் எப்போதும் வெளியேதான் இருக்கும். காது இன்ஜினிடம் இருக்கும். வங்காளத்து ஈரக் காற்றில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டும் என்றால் நம்ப முடிகிறதா? வெளியே உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். உள்ளே பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றிலிருக்கும் ஈரம் உறைந்து வழியை அடைக்கும். இன்ஜின் லேசாகத் தொண்டையைக் கனைக்கும். வேகத்தைக் குறைக்கும் முன் சூடான காற்றை உள்ளே விடும் பித்தானை இழுக்க வேண்டும். "நம்ம ஊர் ஜலதோஷம் இன்ஜினுக்கும் பிடிக்கும்" என்பார் ஸார்.

சித்திரை வைகாசியில் மாலை நேரத்தில் பறக்க விடமாட்டார்கள். கால்பைசாகி என்னும் கோடைப் புயல் வந்துவிடும். ஒரு நாள் ஹாங்கர் வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். வடமேற்கில் வானம் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியது. காக்கைகள் ஒரே திசையில் போயின. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. பெரிய மிஸ்திரி குவளையை வீசிவிட்டு ஓடினார். வெளியே ஒரு புஷ்பக் நின்றிருந்தது. அதைக் கயிற்றால் கட்டக்கூட நேரமில்லை. முதல் காற்று வந்து அறைந்தபோது நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக இறக்கைக் கம்பியைப் பிடித்துத் தொங்கினோம். என் பாரத்தையும் சேர்த்து அது தூக்கப் பார்த்தது. இன்ஜின் இல்லாமல், ஓட்டுபவன் இல்லாமல், நின்ற இடத்திலேயே பறக்கத் துடித்தது. பிறகு ஆலங்கட்டி மழை. துணியில் அது விழுந்த சத்தத்தில் யார் என்ன கத்தினார்கள் என்று கேட்கவில்லை. மறுநாள் முழுக்க டோப் வேலை.

புரட்டாசி வாக்கில், செப்டம்பர் 17-ஐ ஒட்டி, விஸ்வகர்மா பூஜை. நமக்கு நவராத்திரிக் கடைசியில் ஆயுத பூஜை வருவதுபோல வங்காளத்தில் இயந்திரம் தொட்டவர்களுக்கெல்லாம் அன்றுதான் திருநாள். ஹாங்கரில் யானை மேல் உட்கார்ந்த விஸ்வகர்மா பொம்மையைக் கொண்டுவந்து வைப்பார்கள். புஷ்பக்கின் மூக்கில் சிந்தூரம், விசிறியில் சாமந்தி மாலை. ராமாயணத்துப் புஷ்பகத்தைச் செய்ததே விஸ்வகர்மாதானே. அந்தக் கணக்கில் எங்கள் விமானத்துக்குச் சலுகையாக ஒரு தேங்காய் கூடுதலாக உடைந்தது. அன்று யாரும் பறப்பதில்லை. பூஜைக்காக மட்டும் அல்ல. கல்கத்தா முழுக்க மொட்டை மாடிகளில் பட்டம் விடும் நாள் அது. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் காற்றில் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. பேஹாலா வானம் அன்று பையன்களுடையது. மிஸ்திரிகளும் பிரசாதம் முடிந்ததும் ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று பட்டம் விட்டார்கள். ஸார் அறுபட்டு விழுந்த ஒரு பட்டத்துக்காக மாணவர்களோடு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊருக்கும் சின்ன விமானத்துக்கும் உள்ள உறவு பழசு. தம்தம்மில் வங்காள ஃப்ளையிங் கிளப்பை 1929-ல் கவர்னர் ஸ்டான்லி ஜாக்சன் திறந்து வைத்தார். அதே ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி பம்பாயில் ஜே.ஆர்.டி. டாடா இந்தியாவில் முதன்முதலாகத் தரப்பட்ட விமானி உரிமத்தை வாங்கினார். 1937 ஜூனில் உலகைச் சுற்றக் கிளம்பிய அமீலியா இயர்ஹார்ட் தம்தம்மில்தான் இறங்கினார். மழையில் ஊறிய தளத்திலிருந்து மறுநாள் பர்மாப் பக்கம் கிளம்பினார். உலகப் போரின்போது மைதானத்தை ஒட்டிய ரெட் ரோட்டையே சண்டை விமானங்களுக்கு ஓடுதளமாக்கினார்கள். இவையெல்லாம் ஸார் மழை நாட்களில் ஹாங்கரில் சொல்லி நான் கேட்டது. எனக்குப் பிடித்த கதை வேறு, அது பின்னால் நடந்தது. கராச்சியிலிருந்து பம்பாய்க்கு 1932 அக்டோபர் 15-ல் தபால் கொண்டுவந்த பயணத்தை, சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 78 வயதில் ஜே.ஆர்.டி. மறுபடியும் ஒரு பழைய லெப்பர்ட் மாத்தில் செய்து காட்டினார். ஏர் இந்தியாவில் ஜம்போ ஜெட்டுகள் பறந்துகொண்டிருந்த காலம். அவர் எதையும் ஓட்டியிருக்கலாம். வாலில் நிற்கும் மெதுவான ஒன்றைத்தான் எடுத்தார். பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டு நான் அவருடைய காலைத்தான் தேடினேன்.

இப்போதைய பையன்கள் மூக்குச் சக்கரம் வைத்த விமானத்தில், பெரும்பாலும் செஸ்னாவில், கற்கிறார்கள். நேராகப் போகிறது, நன்றாக முன்னால் தெரிகிறது, சாவி போட்டால் கிளம்புகிறது. விபத்து குறைவு, அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கால் என்று ஒன்று இருப்பதையே அவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் கிழவன் புலம்பல் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பேஹாலாவில் ஓடுதளம் இருக்கிறது. சுற்றிலும் வீடுகள் மேல்மாடி கட்டி நெருக்கிவிட்டன. புஷ்பக்குகள் எங்கும் கண்ணில் படுவதில்லை. லேக் மார்க்கெட்டில் மார்க்கெட்டுக்கு மேலே மால் எழும்பிவிட்டது. முருங்கைக்காய் இன்னும் கிடைக்கிறது.

அப்பாவை ஒரு தடவை கூட்டிப்போனேன். உரிமம் வாங்கிப் பயணி ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று ஆன பிறகு. அம்மா வர மறுத்துவிட்டாள். தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். அப்பா ஆபீஸுக்குப் போவது போலவே வந்தார்: வேட்டிக்கு மேல் கோட்டு, ஜேபியில் பென்சில், கையில் சுருக்கெழுத்து நோட்டு. "எதுக்குப்பா இது?" என்றேன். "படம் எடுக்கக் கூடாதுன்னியே" என்றார். உண்மைதான். விமானத்திலிருந்து அனுமதியில்லாமல் படம் எடுப்பது அப்போது சட்டப்படி குற்றம். கேமராவைக் கொண்டுவர வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். எங்களிடம் கேமராவும் கிடையாது.

பெரிய மிஸ்திரி விசிறியைச் சுற்றியபோது அப்பா ஒரு தடவை திருநீறு தொட்டுக்கொண்டார். அதோடு சரி. ஃபால்தா வரை போய்த் திரும்பும் வரை வாயே திறக்கவில்லை. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பார், எழுதுவார், பார்ப்பார், எழுதுவார். யாரோ துரை சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது மாதிரியே இருந்தது. இறங்கிய பிறகு எப்படியிருந்தது என்று கேட்டேன். "சத்தம் ஜாஸ்தி" என்றார். அதற்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் போன பிறகு, டிரங்குப் பெட்டியில் இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் அந்த நோட்டு கிடைத்தது. கோடும் புள்ளியும் வளைவுமாக ஏழெட்டுப் பக்கம். எனக்கு பிட்மன் தெரியாது. அப்பாவோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்த மாமா ஒருவர் டாலிகஞ்சில் இருந்தார். கண்புரை அறுவைக்குப் பிறகு பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க மாட்டார். நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, "உங்கப்பன் கை கொஞ்சமும் ஆடலைடா, அந்தரத்துல எழுதினதுன்னு யாரும் நம்ப மாட்டா" என்றார். எல்லாம் ஆங்கிலத்தில், நேரத்தோடு. மாமா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஒன்பது பத்து. கிளம்பியாச்சு. எதிர்ல ஒண்ணும் தெரியலை. பையனுக்கும் தெரியலை போல, கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நீட்டறான். ஒன்பது பதிமூணு. மாடு ஒதுங்கிடுத்து. ஒன்பது பதினாறு. பாட்டா கம்பெனி. ஒன்பது இருபத்தி ரெண்டு. சூளை, எண்ண முடியலை. ஒரு பொண்ணு கையாட்டறா, நானும் ஆட்டினேன். ஒன்பது இருபத்தெட்டு. ஆறு ரெண்டு கலர்." ஒரு பக்கம் புரட்டினார். "ஒன்பது நாப்பத்தொம்போது. கீழே இறங்கறோம். பையன் காலை ஓயாம ஆட்டிண்டிருக்கான். உடம்புக்கு ஏதோ? அவன் அம்மாகிட்ட சொல்ல வேண்டாம். ஒன்பது அம்பத்தி ரெண்டு. நின்னாச்சு. குலுங்கலை. ஷூ ரெண்டும் கட்டைவிரல்கிட்ட ஓட்டை. புதுசு வாங்கித் தரணும்."

வாங்கித் தரவில்லை. மாதக் கடைசியாக இருந்திருக்கும். அடுத்த சம்பளத்தில் நானேதான் வாங்கிக்கொண்டேன். விலையைக் கேட்டுவிட்டு, பழசையே தைத்துப் போட்டிருக்கலாமே என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.